உங்களுக்குத் தெரியுமா? சைக்கிளும் சாலைப் பலகையும் – டாலிகஞ்ச் ஸ்பெஷல்

★ சாலையோரத்தில் எச்சரிக்கைப் பலகை நடும் வழக்கத்தைப் பரப்பியதே சைக்கிள்காரர்கள்தான். இங்கிலாந்தில் 1878-ல் தொடங்கிய சைக்கிள் சுற்றுலாச் சங்கம், 1880-களில் செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் ‘இந்த இறக்கம் ஆபத்து’ என்ற பொருளில் பலகைகளை நட்டது. பிரேக்கை நம்ப முடியாத காலம் அது. இறக்கத்தில் விட்டால் விட்டதுதான், கீழே போய்த்தான் நிற்கும். இத்தாலியில் 1894-ல் மிலான் நகரத்தில் தொடங்கிய சைக்கிள் சங்கமும் இதே வேலையில் இறங்கியது. கார்கள் பிறகு வந்தன, பெருகின. பலகைகளும் கார்களின் பக்கம் சாய்ந்துவிட்டன.

★ கொல்கத்தாவில் சைக்கிள் படம் போட்ட பலகை என்றாலே, அது பெரும்பாலும் ‘வராதே’ என்று சொல்லும் பலகை! 2008-ல் அந்நகரப் போலீஸார் 38 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதித்தார்கள். 2013-ல் பட்டியல் 174 சாலைகளாக வீங்கியது. பால்காரர், பேப்பர்காரர், மீன்காரர், தச்சர், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் என்று எல்லோரும் தெருவுக்கு வந்து போராடிய பிறகு 62 ஆகக் குறைந்தது. 2020 ஜூனில் கொரோனா ஊரடங்கு தளர்ந்து, பஸ்ஸும் மெட்ரோவும் சரியாக ஓடாத நாட்களில், முதல்வர் மம்தா பானர்ஜி சொன்னதன் பேரில் சிறு சாலைகளில் சைக்கிளை அனுமதித்தார்கள். ஆபத்து வந்தால்தான் சைக்கிள் நினைவுக்கு வரும் போலிருக்கிறது.

★ அதே 2008-ல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்துக்காக எடுத்த ஓர் ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? கொல்கத்தாவில் நடக்கும் பயணங்களில் சைக்கிளின் பங்கு சுமார் 11 சதவீதம். காரின் பங்கு 8. (சென்னையில் சைக்கிளுக்கு 9, காருக்கு 10.) கொல்கத்தாவின் மொத்தப் பரப்பில் சாலைகள் ஏறத்தாழ 6 சதவீதம்தான். இடம் இவ்வளவு குறைவாக இருக்கும் ஊரில், மிகக் குறைந்த இடத்தை எடுத்துக்கொள்ளும் வண்டியைத்தான் முதலில் வெளியே அனுப்பினார்கள். கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

★ இன்னொரு முரண். இதே மேற்கு வங்க அரசு 2015 முதல் ‘சபுஜ் சாத்தி’ என்ற திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. இதுவரை கொடுத்தது ஒரு கோடிக்கும் மேல். ஒரு கை சைக்கிள் கொடுக்க, இன்னொரு கை தடைப் பலகை நடுகிறது. நம் தமிழ்நாட்டில் இலவச சைக்கிள் 2001-லேயே தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. பின்னர் எல்லோருக்கும் விரிந்தது. சைக்கிள் கொடுத்தோம் சரி, பள்ளிக்கூடத்து வாசலில் அந்தப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு பலகை நட்டோமா? உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

★ தெற்குக் கொல்கத்தாவின் டாலிகஞ்ச் என்றதும் வங்காளிகளுக்கு சினிமா நினைவுக்கு வரும். ‘டாலிவுட்’ என்ற பெயர் பிறந்தது இங்கேதான், 1932-ல். ஊர்ப் பெயருக்குக் காரணமான வில்லியம் டாலி, 1770-களில் ஆதி கங்கையின் தூர்ந்துபோன போக்கை வெட்டிச் செப்பனிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அந்த வாய்க்கால் இன்றும் ‘டாலிஸ் நாலா’தான். படகுகள் ஓடிய வாய்க்காலில் இன்று மெட்ரோ ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 2009 ஆகஸ்ட்டில் டாலிகஞ்சிலிருந்து கரியா பக்கம் நீட்டிய பாதை அது.

★ தமிழர்களுக்கும் டாலிகஞ்சுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அது வேலூரில் தொடங்குகிறது! 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தார் மீது ஆங்கிலேயருக்குச் சந்தேகம். எல்லோரையும் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் குடியேறியது டாலிகஞ்சில். இன்று அங்கே பரபரப்பாக இருக்கும் பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு அந்தக் குடும்பத்தின் பெயரைச் சுமக்கிறது. 1895-ல் தொடங்கிய டாலிகஞ்ச் கிளப்பின் நிலமும் அவர்களிடமிருந்து வந்ததுதான். கொல்கத்தாவுக்குப் போகும் தமிழர்கள் இட்லி தேடி லேக் மார்க்கெட் பக்கம் போவார்கள். அங்கிருந்து அன்வர் ஷா ரோடு ரொம்ப தூரமில்லை.

★ பலகையின் வடிவத்தைப் பார்த்தாலே பாதி செய்தி புரிந்துவிடும். வட்டம் என்றால் கட்டளை. முக்கோணம் என்றால் எச்சரிக்கை. செவ்வகம் என்றால் தகவல். எழுத்துத் தெரியாதவருக்கும், வேற்று மொழிக்காரருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. 1968 நவம்பர் 8-ல் வியன்னாவில் உலக நாடுகள் இதற்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. இந்தியா அதில் சேர்ந்தது 1980-ல். நம் நாட்டுப் பலகைகளின் அளவு, நிறம், உயரம் எல்லாவற்றையும் சொல்வது இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வெளியிடும் ‘ஐஆர்சி 67’ என்ற விதிநூல். சைக்கிள் தடங்களுக்குத் தனியாக ‘ஐஆர்சி 11’. இந்தப் பின்னது முதலில் வந்த வருடம் 1962 என்பதைக் கவனியுங்கள். சைக்கிள் பாதை வெளிநாட்டு மோகம் என்று சொல்கிறவர்களுக்கு இது போதும்.

★ சைக்கிளுக்கு முக்கியமாக மூன்று பலகைகள். சிவப்பு வளையத்துக்குள் கறுப்பு சைக்கிள் இருந்தால் ‘சைக்கிளுக்குத் தடை’. நீல வட்டத்தில் வெள்ளை சைக்கிள் இருந்தால் ‘இது சைக்கிள் தடம்’. சிவப்பு ஓரம் போட்ட முக்கோணத்துக்குள் சைக்கிள் இருந்தால் ‘சைக்கிள்கள் குறுக்கே வரும், பார்த்துப் போ’. இந்த மூன்றாவது பலகை சைக்கிள்காரருக்கு அல்ல, கார்க்காரருக்கு. நம் ஊர்களில் மிக அரிதாகக் கண்ணில் படுவதும் இதுதான்.

★ நீல வட்டப் பலகையை எல்எல்ஆர் பரீட்சையில் கேட்பார்கள். கார் ஓட்டுபவர் பதில் சொல்லி பாஸாகி, மறுநாளே மறந்துவிடுகிறார். சைக்கிள்காரருக்கு லைசென்ஸும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஆக, அந்தப் பலகையை ஒருவர் மறந்துவிட்டார், இன்னொருவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை!

★ லைசென்ஸ் இல்லை என்றேன். ஒரு காலத்தில் இருந்தது. நகராட்சி, பஞ்சாயத்து அலுவலகத்தில் பணம் கட்டினால் சைக்கிளில் மாட்ட ஒரு தகர வில்லை தருவார்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வில்லை இல்லாமல் போனாலும், இருட்டியபின் டைனமோ விளக்கு இல்லாமல் போனாலும், டபுள்ஸ் அடித்தாலும் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

★ டாலிகஞ்ச் சாலைகளில் மழைக்காலத்தில் டிராம் தண்டவாளம் ஒரு பொறி. தார்ச்சாலையின் மட்டத்துக்கே படுத்திருக்கும் இரும்பில் ஒரு நீளப் பள்ளம் உண்டு. முன்பாரமாக மீன் கூடை கட்டிய சைக்கிள் வருகிறது என்று வையுங்கள். பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. ஒதுங்கலாம் என்று மீன்காரர் ஹேண்டில்பாரை லேசாகத் திருப்புகிறார். சாய்வாக ஏறிய முன்சக்கரம் ஈர இரும்பில் வழுக்கிப் பள்ளத்துக்குள் இறங்குகிறது. அதற்குப் பிறகு ஹேண்டில்பார் திரும்பாது. சைக்கிள் நிற்க, ஆள் மட்டும் போய் விழுவார். தப்ப ஒரே வழி, தண்டவாளத்தை முடிந்தவரை நேர் குறுக்காகக் கடப்பதுதான். டிராம் ஓடும் ஐரோப்பிய நகரங்களில் இதற்கென்றே தனிப் படம் உண்டு: தண்டவாளத்தில் சக்கரம் மாட்டி ஆள் குப்புற விழும் படம். பார்த்தவுடன் எவருக்கும் புரியும். டாலிகஞ்ச்–பாலிகஞ்ச் தடம் கொல்கத்தாவில் கடைசிவரை தாக்குப்பிடித்த டிராம் தடங்களில் ஒன்று. எஸ்பிளனேட்–மைதான் பாதையைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. டிராம் நின்றாலும் இரும்பு தரையில் கிடக்கும்வரை பொறி பொறிதான். அந்தப் படம் போட்ட பலகைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

★ கொல்கத்தாவின் ஒருவழிப் பாதைகளில் பல, மதியத்துக்கு மேல் திசை மாறிவிடும். காலையில் ஒரு திசையில் ஓடிய வண்டிகள், பிற்பகலில் எதிர்த்திசையில் ஓடும். உள்ளூர் டாக்சிக்காரருக்கு இது தலைகீழ்ப் பாடம். புதிதாக வந்த சைக்கிள்காரர் பாடு திண்டாட்டம்.

★ ஒருவழிப் பாதைத் திண்டாட்டத்துக்கு பெல்ஜியம் ஒரு சின்னப் பலகையில் தீர்வு கண்டது. ‘நுழையத் தடை’ பலகைக்குக் கீழே இன்னொரு குட்டிப் பலகை: ‘சைக்கிள் நீங்கலாக’. அகலம் போதுமான ஒருவழித் தெருக்களில் 2004 ஜூலை முதல் சைக்கிள்கள் எதிர்த்திசையிலும் சட்டப்படி போகலாம். ‘எதிரே சைக்கிள் வரும்’ என்று மறுமுனையில் கார்க்காரருக்கும் பலகை உண்டு. பிரான்ஸும் 2008-ல் இதேபோல ஆணை போட்டது. நம் ஊரில் ஒருவழிப் பாதை வந்தால் சைக்கிள்காரர் இரண்டு தெரு சுற்றிப் போக வேண்டும், அல்லது நைஸாக எதிரே நுழைய வேண்டும். அவர் எதைச் செய்வார் என்று உங்களுக்கே தெரியும். செய்யத்தான் போகிறார் என்றால் அதைப் பலகையில் எழுதிப் பாதுகாப்பாகச் செய்யவிடுவதே புத்திசாலித்தனம்.

★ பாரிஸில் சில சந்திப்புகளில், சிவப்பு விளக்கு எரிந்தாலும் சைக்கிள் நிற்காமல் திரும்பலாம்! விளக்குக் கம்பத்தில் ஒரு சின்ன முக்கோணம், அதில் மஞ்சள் சைக்கிள், பக்கத்தில் அம்புக்குறி. குறுக்கே நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை.

★ ‘சாலையைப் பகிர்ந்துகொள்வோம்’ என்ற பலகை அமெரிக்காவில் பிரபலம். படிக்க இதமாக இருக்கிறது. பலன்? 2015-ல் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பலகை இருப்பதும் எதுவுமே இல்லாததும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்தது. ‘யார் யாரோடு பகிர்வது?’ என்பதே குழப்பம். கார்க்காரர் ‘சைக்கிள்காரர் ஓரமாகப் போகட்டும்’ என்று படித்துக்கொண்டார். சைக்கிள்காரர் ‘கார் வழிவிடட்டும்’ என்று படித்தார். மாறாக, ‘சைக்கிள் முழுத் தடத்தையும் பயன்படுத்தலாம்’ என்ற பலகையைப் பார்த்தவர்களுக்குச் சைக்கிள்காரரின் உரிமை தெளிவாகப் புரிந்தது. டெலவேர் மாநிலம் 2013-லேயே ‘பகிர்வோம்’ பலகையைக் கைவிட்டுவிட்டது. நல்ல மனசோடு எழுதிய வாசகமும் தெளிவாக எழுதிய வாசகமும் ஒன்றல்ல. நம் ஊரில் ‘வேகம் விவேகமல்ல’ என்று எழுதிவைத்துவிட்டு, எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்று சொல்லாமல் விடுகிறோமே, அந்த வகை.

★ பலகை நட இடமில்லாத தெருவில் தரையிலேயே எழுதலாம். சைக்கிள் படமும் அதன் தலையில் இரட்டை அம்பும். அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் 1990-களில் தொடங்கிய யோசனை. சைக்கிள்காரரின் கண் பெரும்பாலும் தரையில்தான் இருக்கும். எங்கே குழி, எங்கே கண்ணாடித் துண்டு என்று பார்த்தபடியே போகிறவர் அவர். அதனால் தரைக்குறி அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டு சங்கடம். ஒன்று, சாதாரண பெயின்ட் மழையில் நனைந்தால் வழுக்கும், அதிலும் வளைவில் அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது பெரியது: சிகாகோவில் நடந்த ஆய்வு ஒன்றில், வெறும் தரைப்படம் மட்டும் போட்ட தெருக்களில் சைக்கிள்காரர்கள் காயமடைவது பெரிதாகக் குறையவில்லை என்று தெரிந்தது. தடுப்பு வைத்துப் பிரித்த தனித் தடத்துக்குப் படம் ஈடாகாது. செலவைக் குறைக்கப் படம் போடும் அதிகாரிகள் இதைப் படிக்க வேண்டும்.

★ இரவில் பலகை எப்படிப் பளிச்சிடுகிறது? பலகையில் ஒட்டியிருக்கும் தாள், விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். காரின் ஹெட்லைட் ஒளி காருக்கே திரும்பும். அதனால் டிரைவருக்குப் பலகை பிரகாசமாகத் தெரியும். விளக்கே இல்லாத சைக்கிளில் வருபவருக்கு அதே பலகை வெறும் கறுப்புத் தகடு. எனவே சைக்கிள் பாதையில் பலகை வைத்தால் பக்கத்திலேயே ஒரு தெருவிளக்கும் வேண்டும். இதைப் பலரும் யோசிப்பதில்லை.

★ சைக்கிளே ஒரு நடமாடும் பலகைதான். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பெடலில் மஞ்சள் என்று ரிஃப்ளெக்டர் ஒட்டியிருந்தால் தொலைவிலேயே தெரியும். பெடல் ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் ஆடுவதால் ‘இது ஆள் மிதிக்கும் வண்டி’ என்று டிரைவருக்குச் சட்டென்று பிடிபடும். சைக்கிள் ரிஃப்ளெக்டர்களின் தரத்துக்கு மத்திய அரசு 2020-ல் ஆணை போட்டிருக்கிறது. 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சைக்கிளில் போனவர்கள் நான்காயிரத்துக்கும் மேல்.

★ நெதர்லாந்தில் பாதையோரம் காளான் முளைத்திருக்கும். கான்கிரீட் காளான்! முழங்கால் உயரத்தில் குட்டையான ஒரு கல், அதன் நான்கு பக்கமும் ஊர்ப் பெயரும் தூரமும். காட்டுப் பாதை, வயல் பாதைகளில் சைக்கிள்காரருக்கு வழிசொல்ல 1919 முதல் வைக்கிறார்கள். வைப்பது ‘ஏஎன்டபிள்யூபி’ என்ற சங்கம். 1883-ல் சைக்கிள்காரர்கள் தொடங்கியது. இன்று அந்நாட்டுக் கார்க்காரர்களின் பெரிய சங்கமும் அதுவே.

★ இன்னும் எளிமையான ஒரு முறை பெல்ஜியத்தில் பிறந்தது. ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் 1990-களில் லிம்பர்க் மாகாணத்தில் கொண்டுவந்தார். பாதைகள் கூடும் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண். ‘12, 47, 33’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டால் போதும், அந்தந்த எண் போட்ட பலகையைப் பார்த்தபடியே போகலாம். சுரங்கத்துக்குள் வழிதவறாமல் இருக்கக் கண்ட உத்தி வயல்வெளிக்கு வந்தது. ஊர்ப் பெயர் படிக்கத் தெரியாத வெளிநாட்டுக்காரருக்கும் சரிப்படும்.

டாலிஸ் நாலாவின் கரையில் இப்படி எண் போட்ட பாதை ஒன்று அமைந்தால், டாலிகஞ்சிலிருந்து கரியா பக்கம் போகிறவர் பெரிய சாலையின் பக்கமே வர வேண்டியதில்லை. கொல்கத்தாவின் கிழக்கே நியூ டவுனில் தனி சைக்கிள் தடங்களைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். புது நகரத்துக்குக் கிடைத்தது பழைய நகரத்துக்கும் கிடைக்கக் கூடாதா?

★ தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரில் வேகத்துக்கே வரம்பு உண்டு. சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10. சைக்கிளிடமிருந்து நடப்பவரைக் காப்பதும் பாதுகாப்பில் சேர்த்தி. கொல்கத்தாவின் ரவீந்திர சரோபர் ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் பெரியவர்கள் இதை ஆமோதிப்பார்கள்.

★ சைக்கிளை விரட்டிய இதே கல்கத்தா ஒரு காலத்தில் சைக்கிளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஊர். ‘குந்தலீன்’ கூந்தல் தைலம் விற்ற ஹேமேந்திர மோகன் போஸ், 1900-களின் தொடக்கத்தில் சைக்கிள் கடையும் வைத்தார். விஞ்ஞானிகள் ஜகதீச சந்திர போஸுக்கும் பிரபுல்ல சந்திர ராய்க்கும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர் என்பார்கள். பிமல் முகர்ஜி என்ற இளைஞர் 1926 டிசம்பர் 12 அன்று கல்கத்தா டவுன் ஹால் வாசலிலிருந்து நண்பர்களோடு சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார். திரும்பி வந்தது 1937-ல்! நாடு விடுதலையானதும் ராலே சைக்கிள் செய்ய அசன்சோலில் சென் ராலே ஆலை வந்தது. அதே காலத்தில் நம் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ் செய்யத் தொடங்கியது.

★ தமிழ்நாட்டுக்கும் ஒரு பெருமை. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்ற கொள்கையை 2014-லேயே ஏற்றுக்கொண்டது சென்னை மாநகராட்சி. கொள்கை ஏட்டில் இருக்கிறது. தெருவில் இருக்கும் பலகையின் மேல் பிறந்தநாள் வாழ்த்து போஸ்டர் இருக்கிறது.

★ கடைசியாக ஒரு சட்டப் பிரிவு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 198ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். சாலையைத் தரப்படி வடிவமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓட்டுபவரை மட்டுமே குற்றவாளியாக்கிப் பழகிய நாட்டில் இது பெரிய திருப்பம். ஆனால் ‘இங்கே பலகை இல்லை’ என்று யாராவது முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருந்தால் வழக்குக்கு வலு கூடும்.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் கிளை மறைத்த, போஸ்டர் ஒட்டிய, சாய்ந்து விழப்போகிற பலகை இருந்தால் செல்போனில் ஒரு படம் எடுங்கள். இடத்தையும் தேதியையும் எழுதுங்கள். சென்னைவாசிகள் மாநகராட்சியின் 1913-க்கும், மற்ற ஊர்க்காரர்கள் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கும் புகார் சொல்லலாம். புகார் எண்ணை மறக்காமல் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.